திரும்பாத ஒரு கோடு

டர்பன், ஜேக்கப்ஸ் ரோட்டுக் கடையில்
மூன்று ஸ்டாண்டுகளை எடுத்து வைத்தான் பேகி.
பளபளத்த ஒன்று விலையும் குறைவு.
குமிழைத் திருப்பினேன்.
மேசை இரும்பைக் கவ்வியது காந்தம்.
இழுத்தேன், அசையவில்லை.
"பிடி போதும்தானே, சீசி?"

பிடி போதும். கைதான் ஒல்லி.
டயலை மாட்டி, முனையைத் தொடவிட்டு
கம்பியின் தலையை ஒரு விரலால் அழுத்தினேன்.
முள் நாலு கோடு போனது.
விரலை எடுத்ததும்
மூன்று கோடுதான் திரும்பியது.

இப்படி ஒரு கோட்டை நம்பித்தான்
போன மாதம்
டொங்காட் ஆலையின் பம்புத் தண்டைக்
கோணல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இரண்டு ராத்திரி கடைந்தோம்,
நேராக இருந்ததை
மெலிய வைத்தோம்.
பேகிக்குத் தெரியும். சொல்லமாட்டான்.

மூன்றாவது, கறுப்பு, தடித்த தண்டு,
ஒரே திருகில் எல்லா மூட்டும் இறுகுவது.
விலைச்சீட்டைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன்.
அந்நேரம் கரண்ட் போனது.
மின்விசிறி நிற்க, காந்தம் மட்டும்
பிடித்ததை விடவில்லை.
பேகியின் போன் வெளிச்சத்தில்
திரும்ப அழுத்தினேன், எடுத்தேன்.
பூஜ்யம்.
இன்னொரு முறை. பூஜ்யம்.

கடைக்காரர் கையாலேயே பில் எழுதினார்.
"யார் பேருக்கு?"
கம்பெனி பேர் சொல்ல வாயெடுத்தவள்
கமலவேணி நாயக்கர் என்றேன்.