ஒன்றை மட்டும் குறிக்கவும்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்று.
நிலத்தள அனெக்ஸ்.
யாரோ கதவுநிலையைத் தின்றிருக்கிறார்கள்.

கறையான் என்றால் செலவு வீட்டுக்கார அம்மாவுக்கு:
அது மண்ணிலிருந்து வரும், மண் அவருடையது.
உளுவண்டு என்றால் குடியிருப்பவளுக்கு:
அது அவள் கொண்டுவந்த அலுமாரிக்குள் வந்திருக்கும்.
ஆறு மாத அட்வான்ஸ்
என் ஸ்க்ரூட்ரைவர் நுனியில் நிற்கிறது.

"தம்பி, எது எண்டு மட்டும் எழுதித் தாரும்"
என்கிறார் மிசிஸ் அழகக்கோன்.
சுகந்தினி வாய் திறக்கவில்லை.
அலுமாரியில் சாய்ந்து நிற்கிறாள்,
அதற்குப் பிணை நிற்பவள்போல.

தட்டுகிறேன்.
அடியில் பப்படமாய் நொறுங்குகிறது பெயின்ட்.
பின்னால் மரமே இல்லை.
இத்தனை நாளும் பெயின்ட்தான்
கதவுநிலையாக நடித்திருக்கிறது.
கறையானின் நாகரிகம் அது:
போகும் வழியெல்லாம் எச்சிலும் மண்ணும் குழைத்துக் கூரை போடும்,
தின்ற இடத்தில் தோலை மட்டும் மரியாதைக்கு விட்டுவைக்கும்.
பதினொரு வருடத் தொழிலில்
ஒரு கறையானை நான் சந்தித்ததில்லை.
எப்போதும் பன்மை.

வண்டு வேறு.
முட்டை பொரித்த மரத்துக்குள்ளேயே
புழுவாக, தனியாக,
ஒரு வருடம், சிலவேளை ஐந்து,
இருட்டைச் சுரண்டித் தின்று கிடந்து
ஒருநாள் சிறகு வந்து
குண்டூசித் துளை போட்டு வெளியேறும்.
துளையை நாம் காணும்போது ஆள் போய்விட்டது.
இதை உரக்கச் சொன்னால்
எனக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

பாணந்துறை ரயில் போகிறது.
வீடு ஒருதரம் பல்லைக் கடிக்கிறது.
நிலையின் மேல்மூலையிலிருந்து
கோதுமை மா போல ஒரு சிட்டிகை
சுகந்தினியின் கால்விரலில் விழுகிறது.

ஆக, கீழே அது, மேலே இது.
நடுவில் ஒரு சாண் நல்ல மரம்.

படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்றை மட்டும் குறிக்கவும்.
தெமட்டகொடைக் கந்தோரில் இதை அச்சடித்தவன்
ஒரு கதவையும் தட்டிப் பார்த்திருக்கமாட்டான்.

"உள்ளுக்கு இன்னும் இருக்கோ?"
சுகந்தினி. இப்போதுதான் முதல் பேச்சு.
எதை என்று அவள் சொல்லவில்லை.
தெரியாது அக்கா,
அடுத்த ரயில் ஐந்து ஐம்பதுக்கு.

பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டு
மூன்று பேரும் கதவைப் பார்த்தபடி இருக்கிறோம்.
பிளேன்டீ வருகிறது.
இரண்டு கோப்பைக்குத்தான் சீனி.
யாருக்கு இல்லை என்று
குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.