கொற்கையிலிருந்து நிக்கனுக்கு

உன் கடிதம் ஆவணிக் கப்பலில் வந்து சேர்ந்தது, நிக்கன்.
முத்திரையில் வால் ஒடிந்த ஓங்கில்.
அதை வைத்துத்தான் உன்னுடையது என்று கண்டேன்.
பிலவன் இல்லை.

பிலோன் என்றுதான் அவனுக்குப் பெயராம்.
எங்கள் வாயில் அது நிற்கவில்லை.
நிகானோர் என்ற உன்னையும்
நான்கு வருடம் முன்பே நறுக்கி நிக்கன் ஆக்கிவிட்டோம்,
கேட்காமல்.

நான் குவிரன். முத்து நிறுப்பவன்.
அவன் கணக்கு எழுத, நான் தராசு பிடிக்க,
ஆறு பருவம் ஒரே பந்தலில்
சிப்பி அழுகும் நாற்றத்தில் சோறு தின்றோம்.
தமிழில் அவன் முதலில் பிடித்துக்கொண்ட சொல் "வே".
என்ன வே, வாரும் வே, விலை கூட வே.
கழுதையைக்கூட வே என்றுதான் கூப்பிடுவான்.

உன் கடிதம் வந்த இரவுகளில்
விளக்கைக் கிட்ட இழுத்து எனக்குச் சொல்லுவான்,
பாதி தமிழ், பாதி கை.
அப்படித்தான் உன் கடைவாய்ப் பல் எனக்குத் தெரியும்.
மேல்மாடிக்காரி எட்டிப் பார்க்காமல் தண்ணீர் கொட்டுவதும்
அவள்மேல் நீ வழக்குப் போட்டுத் தோற்றதும் தெரியும்.
ஒருமுறை பிறந்தநாள் விருந்துக்கு அவனை அழைத்திருந்தாய்.
அழைப்பு இங்கே வந்தபோது
உனக்கு அடுத்த வயதும் முடியப் போயிருந்தது.
அன்றைக்கே பனங்கள் வாங்கிக் குடித்தோம்.
கள்ளுக்காரி ஆதிரை, "யாருக்கு விசேஷம்?" என்றாள்.
"எங்க கூட்டாளிக்கு" என்றேன்.
அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் காய்ச்சல்.
பொருநை இரண்டு கரையும் தொட்டு ஓடிய நேரம்.
மருத்துவன் அக்கரையில் நின்று கையை ஆட்டினான்,
கஞ்சி கொடு என்றானா கொடுக்காதே என்றானா
இன்னும் தெரியவில்லை.
ஏழாம் நாள் அவன் உங்கள் மொழியில் பேசத் தொடங்கினான்.
விடாமல் பேசினான்.
நான் "ஆமா வே" என்றேன், எல்லாவற்றுக்கும்.
எதற்காவது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமோ,
அதை உன்னிடம்தான் கேட்க முடியும்.

உங்கள் ஊரில் எரிப்பீர்களாமே.
எங்களுக்குத் தெரிந்தது தாழி.
நெடியவன்; முழங்காலை மடக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.
ஆற்றுக்கு மேற்கே, செம்மண் மேட்டில்.
மைக்கூட்டையும் உன் பழைய கடிதங்கள் பதினொன்றையும்
உள்ளே வைத்து மூடினோம்.
இது பன்னிரண்டாவது.
முத்திரையை உடைக்கலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.
பிறகு உடைத்தேன்.

கூடவே நீ அனுப்பிய குப்பி:
மீனை உப்பிலிட்டு வெயிலில் கரைத்த சாறு.
கொற்கைக்கு மீன் அனுப்பியிருக்கிறாய், நிக்கன்!
திறந்ததும் தெரு நாய்கள் வந்தன,
கருவாட்டுக்காரிகள் மூக்கைப் பொத்தினார்கள்.
சோற்றில் இரண்டு சொட்டு விட்டேன்.
மோசமில்லை.
அவன் பங்கையும் நானே தின்றேன்.

அவன் உனக்குப் பன்னிரண்டு வெள்ளிக்காசு தர வேண்டும்.
ஒவ்வொரு கடிதத்திலும் அந்த இடம் வந்தால்
வேகமாகப் படிப்பான், அதனால் தெரியும்.
இந்தப் பையில் துளையிடாத முத்து ஐந்து.
நான்கு நல்லது. ஐந்தாவது ஒரு பக்கம் சப்பை,
நிறையில் கழித்திருக்கிறேன்.
உங்கள் சந்தையில் மஞ்சள் பாய்ந்தது என்பார்கள், நம்பாதே.

இதைப் படித்துச் சொல்ல உன் ஊரில் ஆள் கிடைக்காது.
துறையில் வேறு யவனர் இருக்கிறார்கள்,
உன்னுடையதை அவர்களிடம் நீட்டலாம்.
அவர்கள் வாயால் உன் பல்வலியைக் கேட்க மனமில்லை.
மூன்று சொல்லுக்கு மட்டும் எனக்கு உருவம் தெரியும்.
உன் பெயர். அவன் பெயர்.
கடைசியில் எப்போதும் வருகிற "நலமாயிரு".

அதை உன் எழுத்திலேயே கீழே வரைந்திருக்கிறேன்.
ஓலையில் உங்கள் கோடுகள் சரியாக இறங்காது,
நரம்போடு கிழிந்துவிடும்.
தலைகீழாகத் தெரிந்தால்
திருப்பிப் பிடித்துப் பாரும் வே.