வரன்முறை

சாவா ஆற்றின் கரைமேட்டில்
பதினோராம் நாளாக நாடா இழுக்கிறேன்.
மறுமுனை பிடிக்க வேண்டிய ப்ளாகோயே
காய்ச்சலென்று வரவில்லை.
ஆகவே அந்தந்த வீட்டுக்காரரே பிடித்துக்கொள்கிறார்
தன் குற்றத்தின் நீளத்தை.

இது நீர்க்காப்பு மண்டலம்.
இந்த மணலுக்குக் கீழே படுத்திருக்கும் கிணறுகளைத்தான்
பெல்கிராட் விடிந்ததும் காப்பியாகக் குடிக்கிறது.
கட்டக் கூடாது, தோண்டக் கூடாது,
கழிவு இறக்கக் கூடாது என்கிறது பலகை.
பலகையின் இரும்புக்காலில் கொடி கட்டி
யாரோ காயப்போட்டிருக்கிறார்கள்:
இரண்டு போர்வை, ஒரு குழந்தையின் நீச்சலுடை.

கடைசித் தேதி மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது.
கடைசித் தேதியும் கரைமேடும் ஒன்றுதான்,
கொஞ்சம் மண் கொட்டினால் நீளும்.

முப்பத்தெட்டாம் கிணற்றைத் தேடினேன்.
வரைபடப்படி அதன் இரும்பு மூடி
மூன்று மாடி வீடொன்றின் புல்வெளியில்,
இறைச்சி சுடும் அடுப்புக்கு நேர் கீழே.
உரிமையாளர் வரவில்லை. வக்கீல் வந்தார்.
நாடாவின் நுனியைக் கைக்குட்டையால் பிடித்தார்.
நீச்சல் குளத்தைக் காட்டி
"இது தற்காலிகம்" என்றார்.
படகுத்துறையைக் காட்டி
"அது ஆற்றுக்குச் சொந்தம்" என்றார்.
நானூற்றுப் பதினாறு.
"முந்நூற்றுத் தொண்ணூறென்று போட்டால்
யாருக்கும் சிரமமில்லை."
நான் போட்டது நானூற்றுப் பதினாறு.
அதனால் எதுவும் மாறவில்லை.
கட்டணம்தான் கொஞ்சம் கூடியது,
அங்கேயே போனில் கட்டிவிட்டார்.

ஆய்வகத்தில் யாகொடா மாதாமாதம்
இந்தத் தண்ணீரைக் குப்பியில் அசைத்துப் பார்ப்பாள்.
எப்படி என்றால்
"இன்னும் தாங்குது" என்பாள்.
அந்த "இன்னும்" என்ற சொல்லை
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வாள்.

சரி, நான் யார்?
என் அப்பா எங்கள் மாடியைக் கட்டியது
எண்பத்தெட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில்,
இன்ஸ்பெக்டர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து.
அந்த அறையில் படித்துத்தான்
நில அளவைத் தேர்வு எழுதினேன்.
முத்திரை வந்தது இரண்டாயிரத்து மூன்றில்.
பதினைந்து வருடம்
காகிதத்தில் இல்லாத உயரமொன்றில்
நன்றாகவே தூங்கியிருக்கிறேன்.

வெயில் இறங்கும்போது கடைசி வீடு.
ஸ்மில்யானா. க்னினிலிருந்து தொண்ணூற்றைந்தில்
டிராக்டரில் வந்தவர்.
முதலில் ஒரு கன்டெய்னர், பிறகு அதைச் சுற்றிச் செங்கல்,
பிறகு கன்டெய்னரை உள்ளிருந்தே அறுத்து எடுத்திருக்கிறார்.
பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.
"அங்கே பத்திரம் இருக்கு, வீடில்லை.
இங்கே வீடிருக்கு. நீதான் பார்க்கிறாயே."

கழிவுக்குழி எங்கே என்றேன்.
பிளம் மரத்தடியைக் காட்டினார்.
கைப்பம்பு எங்கே என்றேன்.
அதே மரத்தின் இந்தப் பக்கம்.
ஏழடி. நாடா தேவைப்படவில்லை.
ஒரு தம்ளர் அடித்து நீட்டினார்.
இது என் வீட்டுக் குழாய்க்கும்
வரப்போகிற தண்ணீர்தான்,
அங்கே குளோரின் போட்டு வரும்.
குடித்தேன்.
நான் குடித்து முடிக்கும்வரை
அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவம் இருவருக்கும் ஒன்றுதான்.
பரிந்துரை: ஆம். இல்லை.
ஏழடிக்குக் கட்டமில்லை.
டிராக்டருக்கும் இல்லை.
வெறுமையாக விட்டுவிட்டு
சுவரை மட்டும் முடித்துவிடலாமென்று
நாடாவை இழுத்தேன்.

"நாற்பத்திரண்டு" என்று எழுதப்போனேன்.
அவர் நுனியை விடவில்லை.
குனிந்து, சுவரோடு நகத்தால் அழுத்திப் பிடித்து,
தொய்வு போக இன்னும் இழுக்கச் சொன்னார்.

"நாற்பத்திரண்டரை.
அந்த அரையை விட்டுவிடாதே."