பின் இடது சில்லு

க்ளன் பள்ளத்தாக்கில் பெப்ரவரி
வேலி வெட்டும் மாதம்.
ட்ரக்டர் தன் ஒற்றைக் கையை நீட்டிக்
கருமுள் புதர்களைச் சிரைத்துக்கொண்டு போகும்.
சிரைத்ததைக் கூட்டி அள்ள ஆளில்லை.
ஒழுங்கை முழுக்க விரல் நீள முட்கள்.
அத்தனையும் எனக்குச் சோறு.

நான் ரயர்க்காரி.
ஒரு வெள்ளை வான், காற்றடிக்கும் இயந்திரம், மூன்று நெம்புகோல்.
கதவில் முழுப் பெயர் எழுதியிருக்கிறது, மங்களேஸ்வரி என்று.
பாதியைத்தான் இந்த ஊர் உச்சரிக்கும்.

அந்தக் குளிர்காலம் க்வென் ப்ரொஸர்
ஆறு தடவை கூப்பிட்டாள்.
ஆறு தடவையும் ஆட்டுக்காரர்களின் அதே குட்டி வண்டி,
சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து,
முழங்கால் மடித்த கிழட்டு மாடு மாதிரி.
ஏழாவது தடவை கேட்டாள்:
இதற்கு ஒரு முடிவே இல்லையா?

இருந்தது.
வானின் பின் தட்டில், ஐந்து லீற்றர் கலனில், தூசி படிந்து.
நான்தான் வாய் திறக்கவில்லை.
மருந்தைக் கொடுத்தால் நோயாளி திரும்பி வருவானா?

வெட்கத்தோடு இறக்கினேன்.
வால்வின் நாக்கைக் கழற்றக்
காற்று பெருமூச்சு விட்டுப் படுத்தது.
குழாயைச் செருகி அமுக்கினேன்.
பச்சை நிறத்தில், கஞ்சிப் பதத்தில்,
நாரும் ரப்பர்த் துருவலுமாக இறங்கியது.
முன் சில்லுக்கு முக்கால் லீற்றர். பின் சில்லுக்கு ஒன்று.
நாக்கைப் பூட்டி ஐந்து இறாத்தல் காற்று.
அதற்கு மேல் ஆகாது இந்த வண்டிக்கு,
கல்லையும் குழியையும் வயிற்றால் தடவிப் போகவேண்டும்.

இப்போதே ஓட்டு, உள்ளே எங்கும் பூசட்டும் என்றேன்.
பக்கச் சுவர் கிழிந்தால் மட்டும் இதை நம்பாதே என்றேன்.
முள்ளைக் கண்டால் பிடுங்காதே,
அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.
முள்ளை முள்ளால் எடு என்று கேட்டு வளர்ந்த காது,
என் வாயைச் சந்தேகமாகப் பார்த்தது.

மார்ச்சில் அவள் கூப்பிடவில்லை.
ஏப்ரலிலும்.
மற்றவர்கள் கூப்பிட்டார்கள்,
பச்சைத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க.

நவம்பரில்தான் மறுபடி அவள் குரல்.
பலகைக்கல் ஒன்று பின் இடது சில்லின் பக்கத்தை
ஒரு சாண் கிழித்திருந்தது.
கொட்டிலுக்குள் உருட்டி, விளிம்பை நெம்பி, உரித்து,
கைவிளக்கை உள்ளே பிடித்தேன்.

முட்கள்.
ஒவ்வொன்றின் முனையிலும் சின்னப் பச்சைக் குல்லா.
எண்ணினேன். இருபத்திரண்டு.
கூடவே முள்வேலிக் கம்பித் துண்டு ஒன்று.
ஒரு தடவைக்கு அறுபத்தைந்து பவுண் என்று
மனம் பெருக்கத் தொடங்கிப்
பாதியில் நிறுத்தியது.

க்வென் குனிந்து பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
ஏப்ரலில் ஒரு இரவு, என்றாள்,
மேல் வயலிலிருந்து இறங்குகிறேன், ஆலங்கட்டி மழை,
பின்னால் கட்டிய தாய் ஆடு, முன் பெட்டியில் இரண்டு குட்டி,
என் கோட்டுக்குள் மூச்சு விடாத மூன்றாவது.
ஏதோ சீறியது. சில்லு மூன்று சுற்று சுற்றும் நேரம்.
பிறகு இல்லை.
காற்று என்று நினைத்தேன்.
விடியப் பார்த்தால் ஆட்டின் விலாவில் பச்சைப் பொட்டுகள்.
எவன் என் ஆட்டுக்குத் தன் குறி அடித்தான் என்று
பக்கத்துப் பண்ணைக்காரனோடு ஒரு கிழமை பேசவில்லை.

மூன்றாவது குட்டி? என்றேன்.
அடுப்படியில் வைத்தபிறகு தும்மியது, என்றாள்.

இதில் அந்த இரவுடையது எது?

விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பினேன்.
எல்லாம் ஒரே பச்சை, ஒரே குல்லா.
இதுதான் என்று ஒன்றைக் காட்டியிருக்கலாம்.
தெரியவில்லை என்றேன்.

இனிப் பிடுங்கலாமா?
இனிப் பிடுங்கலாம்.

அவள் குறடு எடுத்துக்
கம்பியில் தொடங்கினாள்.
நான் புதுச் சில்லுக்கு ஒரு லீற்றர் அளந்தேன்.