வெள்ளி ஆறு மணி

பால் பதத்துக்குக் கரைக்கவும்
என்றது பெட்டிக்குள் இருந்த தாள்.
எந்தப் பால் என்று சொல்லவில்லை.
குவோப்பியோ கடையில் பத்து விதம்.

கெட்டிப் பால் பதத்தில் ஊற்றினேன்.
ஏர்பிரஷ் தொண்டையைச் செருமியது:
ஒரு புள்ளி,
ஒன்றுமில்லை,
மூன்று புள்ளி.
நீர்ப்பால் பதத்தில் ஊற்றினேன்.
மரமீனின் முதுகில் விழுந்த பச்சைக்கு
எட்டுக் கால் முளைத்து நாலாபக்கமும் ஓடியது.
சிலந்தி வரைய நான் உட்காரவில்லை.
தூண்டிலுக்கு ஓர் அஹ்வேன் மீன்:
பச்சை முதுகு, ஏழு கறுப்புப் பட்டை,
அடியில் ஆரஞ்சுச் செட்டை.
ஏரி உருகுவதற்குள் முடிந்தால் போதும்.

அழுத்தத்தைக் குறைத்தேன். கையைப் பின்னுக்கு இழுத்தேன்.
இழுத்தது அதிகம்.
வண்ணம் வழியிலேயே காய்ந்து
சலித்த மாவாய் மேலே உட்கார்ந்தது.
தடவினால் உப்புத்தாள்.

கடையைத் திறக்கிறவரும் பூட்டுகிறவரும்
காற்றாகவே இருக்க வேண்டும்,
வண்ணம் நடுவில் வந்துபோகலாம்.
இதைக் கண்டுபிடிக்க
கோட்டுக்குக் கோடு கடைசியில் ஒரு மரு வைத்தேன்.

பகலில் எனக்குப் பல் மருத்துவமனையில் வேலை,
அடுத்தவர் ஈறோரம் சுரண்டுவது.
அதனால் ஊசிமுனையில் படிந்த கட்டியைப் பார்த்ததும்
கைக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. காரை.
பல்லிடுக்குத் தூரிகை, இருப்பதிலேயே சின்னது,
மூக்குக்குள் நுழைந்து திரும்பியது.
வாயைக் கொப்பளியுங்கள் என்று
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்
ஓர் இரும்புக் குழாயிடம்.

கிண்ணத்தில் குமிழி கொப்பளித்த நாளில்
மூக்கின் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது.
ஊசி தரையில் விழுந்த நாளில்
முனை வளைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை,
நகத்தின் மேல் உருட்டியபோது நகம் சொன்னது.
அதற்குள் பட்டைகள் அத்தனையும்
இடதுபக்கம் சாய்ந்துவிட்டன,
தேர்தல் முடிந்தது போல.

இதெல்லாம் என் கை. ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் வெள்ளிக்கிழமை?

வெள்ளி மாலை ஆறு மணிக்கு மட்டும்
அது தண்ணீர் துப்பியது.
சரியான பதம், சுத்தமான மூக்கு, புது ஊசி.
ஏழாம் பட்டையின் நடுவே தெளிந்த ஒரு சொட்டு,
சொட்டைச் சுற்றி வண்ணம் விலகி
ஒரு வெள்ளைக் கண்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
நான் சொல்லவில்லை.
நான்கு வெள்ளியும்
என் கட்டைவிரலைத்தான் திட்டினேன்.

ஐந்தாம் வெள்ளி சுவர் சீறியது.
அப்புறம் சுவருக்குப் பின்னால் யாரோ
நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நிலவறையில் என் சாமான் அறைக்கு அடுத்த கதவு
குடியிருப்பின் பொதுச் சவுனா.
பட்டியலைப் போய்ப் பார்த்தேன்.
வெள்ளி, ஆறு முதல் ஏழு வரை:
மூன்றாம் மாடி, தைஸ்தோ ருஸ்கானென்.
அவர் கல்லில் ஊற்றிய ஒவ்வொரு கரண்டியும்
கதவிடுக்கில் புகுந்து
கம்ப்ரசர் வாயில் ஏறி
குளிர்ந்த குழாயில் மறுபடி தண்ணீராகி
என் மீனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த ஒருமுறை
கூடம்தான் கோணல்.

குழாயின் நடுவே ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் குப்பி,
பதினெட்டு யூரோ.
அடுத்த வெள்ளி ஏழாம் பட்டை
முதல் வாலோரம் வரை
கண் திறக்காமல் முடிந்தது.
குப்பியின் அடியில் அரைக் கரண்டித் தண்ணீர்.

கொட்ட மனம் வரவில்லை.
ருஸ்கானென் துண்டோடு படியேறிப் போனதும்
பட்டியலில் ஏழு மணிக்கு என் பெயரை எழுதி
உள்ளே போனேன்.
கல் இன்னும் ஆறியிருக்கவில்லை.
அவருடையதை அதிலேயே ஊற்றினேன்.

சொட்டில்லை, புள்ளியில்லை,
சிலந்தியில்லை.
சன்னமாக, ஒரே சீராக, விளிம்பே தெரியாமல்
எழுந்து பரவியது
மார்கழி முழுக்க என் கை தேடிய தூவல்.

செட்டைக்கு ஆரஞ்சு
இன்னும் கரைக்கவில்லை.