நான்கு தாள் வரலாறு

கலைக்கப்படும் பட்டாளத்துக்கு
நான்கு தாள் வரலாறு போதும் என்று உத்தரவு.
மண்டபம் முகாம், தகரக் கொட்டகை.
கச்சான் காற்று தாளைத் தூக்காமலிருக்க
மூலைக்கொரு காலித் தோட்டா.

ஆரம்பம் எளிது.
தொண்டி சுங்கச் சாவடி, பூவரசு நிழல்.
மார்பு முப்பத்திரண்டு அங்குலம்,
மூச்சை இழுத்தால் முப்பத்து நாலு.
சங்கு குளித்த பிள்ளைகள் இழுத்த மூச்சை
டாக்டர் டீ குடித்துவிட்டு வரும்வரை விடவில்லை.

பூட்ஸ்தான் தொந்தரவு.
மணலில் விரிந்த விரல்களுக்கு எந்த அளவும் பத்தவில்லை.
முதல் அணிவகுப்பில் எண்ணூறு பேரும்
நண்டு மாதிரி நடந்தார்கள் என்று எழுதினேன்.
மேஜர் அடித்துவிட்டார்.

இரண்டாம் தாளில் பர்மா.
மழை, ஐந்து மாதம்.
இதில் ஒரு வாரத்தை
நம்ம கண்மாய்க்குக் கடன் கொடுக்கலாம் என்று
லான்ஸ் நாயக் சீனி மீரான் சொன்னது
வரலாறு ஆகாது.

மூன்றாம் தாள் இறந்தவர் பட்டியல்.

மோர்ப்பண்ணையில் இரண்டு இருளாண்டி.
கம்பெனியில் கடைசி எண்ணை வைத்துக் கூப்பிடுவோம்:
முப்பத்தொன்று, முப்பத்தேழு.
ஆற்றைக் கடக்கையில் போனவன் முப்பத்தேழு.
அன்றிரவு, லாந்தர் வெளிச்சத்தில், குளிர்காய்ச்சலோடு,
ஏழின் தலையை நான் சரியாக வளைக்கவில்லை.

தந்தி முப்பத்தொன்றின் வீட்டுக்குப் போனது.
பஞ்சவர்ணம் பதினாறாம் நாள் தாலி இறக்கினாள்.
அவளைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதவள்
இரண்டு தெரு தள்ளியிருந்த வள்ளிமயில்.
மாதம் பதினாறு ரூபாய் மணியார்டர்
அவளுக்கு ஏழு மாதம் தவறாமல் போனது.
கைநாட்டுகள் ஃபைலில் இருக்கின்றன.
கடைசி ரசீதில் மையோடு கொஞ்சம் மஞ்சள்.

முப்பத்தொன்று லீவில் வந்து இறங்கினான்.
பஞ்சவர்ணம் கதவைத் திறந்து
வெகுநேரம் பார்த்தாளாம். பிறகு கேட்டாளாம்:
"வாங்கின பென்ஷனத் திருப்பிக் கேப்பாகளா?"

கேட்டோம்.
வள்ளிமயிலிடமும் கேட்டோம்.
செத்தவன் சம்பளம் ஏழு மாதம்,
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் கூடுதல்,
இனி வரும் பென்ஷனில் தவணைப் பிடித்தம்.
கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.
காரணம் என்ற கட்டத்தில்
எழுத்துப் பிழை என்று அடித்தேன்.
யாருடைய எழுத்து என்று கட்டம் இல்லை.

நான்காம் தாளில் கொடி இறக்கம், ஆட்டுக்கறி விருந்து.
பட்டாளத்தின் எண்ணை டெல்லி திரும்ப எடுத்துக்கொண்டது.
எண் தேயாது,
வேறு கரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

அடியில் நாலு விரல் இடம் மிச்சம்.
இரண்டு பெண்களின் பெயரை எழுதலாமா என்று
பேனாவை மையில் தொட்டேன்.
அங்கே என் கையெழுத்து வேணும் என்றார் மேஜர்.

தேதி மட்டும் போட்டேன். ஜூன் 17.
ஏழின் குறுக்கே ஒரு சின்னக் கோடு.
இது என்ன என்றார்.
பழக்கம் சார் என்றேன்.