ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்

ஷுவைக்கில்
கடல் தெரியாது, உப்பு மட்டும் வந்து சேரும் தூரத்தில்
பழைய பல்கலைக்கழகத்தை அளக்கிறோம்
நானும் சந்தியாகப்பனும்.
அவன் சிவப்புப் புள்ளியைச் சுவரில் வைத்து
எண்ணைச் சொல்வான். நான் எழுதுவேன்.

முதல் வரைபடம் அங்குலத்தில் இருக்கிறது:
முற்றம், முற்றத்தைச் சுற்றி நிழல்,
நிழலைத் தாண்டித்தான் அறைகள்.
இரண்டாவது மில்லிமீட்டரில்.
ஏசி வந்ததும் முற்றத்துக்குக் கூரை போட்டுவிட்டார்கள்,
நிழலுக்கு வேலை போயிற்று.
மூன்றாவது வரைபடம் கிடையாது.
அந்த ஏழு மாதம் இங்கே தங்கியவர்கள்
எதையும் வரைந்து வைக்கவில்லை.
நூலகத் தரையில் அடுப்பு எரித்த கறை ஒன்று
தனக்கும் அளவு கேட்டது.
கொடுத்தோம்: நூற்றுப்பத்துக்கு எண்பது.

ஒரே கதவில் நான்கு பெயின்ட்.
சுரண்டச் சுரண்ட
கிடங்கு, அதனடியில் தேர்வுப் பிரிவு,
அதனடியில் வேதியியல்,
அதற்கும் அடியில் வெறும் பச்சை.
புதிய வரைபடத்தில் அது காபிக் கடை.

மேற்குச் சுவர்தான் இடித்தது கணக்கில்.
வெளியளவில் உள்ளளவைக் கழித்து
சுவரின் கனத்தையும் கழித்தால்
ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் மிச்சம்.
"தப்பா புடிச்சிட்டியா?"
மூன்று தடவை பிடித்தான். அதே ஐம்பத்திரண்டு.
துளை போட்டு டார்ச் அடித்தோம்.
உள்ளே ஒரு ஜன்னல்,
நீலக் கதவு, மாட்டிய கொக்கி,
விளிம்பில் விரல்கடை நீளச் சாக்பீஸ்.
எந்தச் சமன்பாட்டின் பாதியில் வைத்தாரோ.

ஜூலை. பதினொரு மணிக்கு மேல்
நாலு மணிவரை வெயிலில் வேலை கூடாது.
சாரத்திலிருந்து இறங்கி எல்லோரும்
படிப்படியாய் இறங்கும் அந்த விரிவுரைக் கூடத்துக்கு வருகிறார்கள்.
பெஞ்சுக்கு ஒருவராக நீட்டிப் படுக்கிறார்கள்.
ஒடியாக்காரர் பிரபீர் கடைசி வரிசை.
அவர் குறட்டை மேடைவரை பிசிறில்லாமல் வருகிறது.
கட்டியவனுக்குச் சத்தத்தின் போக்கு தெரிந்திருக்கிறது.
கரும்பலகைக்குக் கீழே, சோற்று டப்பாவைத் தலைக்கு வைத்து
நேபாளத்துத் தில்பகதூர்.
அவன் மட்டும் தூங்குவதில்லை,
மூன்று மாதச் சம்பளப் பாக்கியைப்
பலகையில் கூட்டிப் பார்த்து அழித்துவிடுவான்.

படிவத்தில் ஒரு கட்டம்:
'தற்போதைய பயன்பாடு'.
ஆலோசகர் 'காலி' என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

பிறகு கணினியில்
அச்சில் வராத ஓர் அடுக்கைத் திறந்து
படுத்திருக்கும் ஆட்களை வரைந்தேன்,
வரிசை வரிசையாக,
தலைக்கு ஆறடிக்கு இரண்டடி.
சந்தியாகப்பன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"என்னைய அந்த நீல ஜன்னல் பக்கம் போடு."